நீர் காத்தவரும் நேரம் காத்தவர்களும்

ராஜபாளையத்துக்காரர் ஒருவர் “ஞாயித்துக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போறோம்” என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து காரியங்கள் அடங்கியிருக்கும். சாமி கும்பிடுவது உண்டு. அதற்கு முன்னால் ஆற்றில் குளிப்பது உண்டு. அரிசி, பருப்பு, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், அனுமதித்த இடத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துச் சமைப்பது உண்டு. சாப்பிட்ட பிறகு பாறைமேல் துண்டை விரித்துப் படுப்பதும் உண்டு. திரும்பி வந்தவர்களிடம் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “சும்மா போயிட்டு வந்தோம்” என்பார்கள். அந்தச் சும்மாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஊரிலிருந்து முடங்கியார் சாலையில் மேற்கே போக வேண்டும். பஸ் ஹாரன் பின்தங்கியதும் இரண்டு பக்கமும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தொடங்கிவிடும். வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ராஜபாளையம் நகராட்சிக்குக் குடிநீர் தருகிற தேக்கம் அது. நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது ஆண்டுகள் தாண்டியும் ஊர் வாயில் அது இன்னும் மைல்தான். அதற்கும் மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், ஆற்றைத் தாண்டி இருக்கிறார் சாமி. அவருடைய முழுப்பெயர் நீர் காத்த அய்யனார்.

போன முறை நான் போனபோது ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று கல்லுக்குக் கல் தாவி அக்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த பாட்டி குரல் கொடுத்தார்: “பைய வா தாயி, பாசி வழுக்கும்.” பிள்ளை நின்றது. அடுத்த கல்லை ஒரு காலால் தொட்டுப் பார்த்தது. பிறகு முழுக் காலையும் ஊன்றியது.

பைய என்பது தெற்கத்திச் சொல். மெதுவாக என்று அதற்குப் பொருள் சொல்லலாம், ஆனால் அது போதாது. வழுக்குகிற இடம் எது, வழுக்காத இடம் எது என்று காலுக்குத் தெரிய வைக்கும் வேகம்தான் பைய. நிதானம் என்ற சொல்லிலும் இந்தக் கருத்து இருக்கிறது. குறிபார்ப்பவன் தூரத்தை நிதானிக்கிறான், சமைப்பவள் உப்பை நிதானித்துப் போடுகிறாள். அளந்து அறிவதும் மெல்லச் செல்வதும் ஒரே சொல்லுக்குள் வசிக்கின்றன. ஆற அமர என்கிறோம். ஆறு என்றால் நதி, ஆறு என்றால் சூடு தணி. வேர் ஒன்றா என்ற ஆராய்ச்சி வேறு. அந்தப் பாறையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

நிதானத்தைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். வேகமான வாழ்க்கை, மன அழுத்தம், அதற்கு மருந்தாக மூச்சுப்பயிற்சி, கைபேசியில் தியானச் செயலி, மாதம் ஒருமுறை மலைவாசஸ்தலம். இந்தப் பேச்சில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மூச்சுப்பயிற்சி நல்லதுதான். ஆனால் இந்த யோசனைகள் எல்லாமே நிதானத்தைத் தனி மனிதரின் பழக்கமாகப் பார்க்கின்றன. பல் தேய்ப்பதுபோல அவரவர் செய்துகொள்ள வேண்டிய காரியமாக வைக்கின்றன. அய்யனார் கோவிலில் உட்கார்ந்து யோசித்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நிதானம் தானாகக் கிடைக்காது, தனியாளாலும் கிடைக்காது. யாரோ தேக்கி வைத்தால்தான் அது இருக்கும், யாரோ காத்தால்தான் நிற்கும். தண்ணீரைப் போல.

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருக்கும் ஊர்கள். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைக் கேரளப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதற்கும் பெய்வது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டிவிடும். கொட்டிய தண்ணீர் அப்படியே ஓடிவிட்டால் மாவட்டத்துக்கு மிஞ்சுவது வெயில் மட்டும்தான்.

ஓடாமல் பிடிப்பது காடு. உச்சிப் புல்வெளியும் சோலையும், அதற்குக் கீழே மரச்செறிவும், தரையில் மக்கிக் கிடக்கும் இலைச்சருகும் சேர்ந்து மழையின் வேகத்தை ஒவ்வொரு படியிலும் குறைக்கின்றன. துளி முதலில் இலையில் விழுகிறது, பிறகு கிளையில், பிறகு சருகில். சருகுக்கு அடியில் வேர்களும் புழுக்களும் துளைத்து வைத்த பொலபொலப்பான மண். அதற்குள் இறங்கிய தண்ணீர் பாறை இடுக்குகளில் கசிந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வெளியே வருகிறது. மழை நின்று பல நாள் ஆன பிறகும் அய்யனார் கோவில் ஆற்றில் ஒரு சலசலப்பு இருக்கிறதே, அது என்றோ பெய்த மழையின் தாமதம். அந்தத் தாமதத்தைத்தான் ஊர் குடிக்கிறது.

மரம் போன மலையில் இந்தத் தாமதம் இராது. மழை பெய்த சில மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிடும், மறுவாரம் ஆறு காய்ந்துவிடும். காடு இருக்கும்போதே மலையில் மிகக் கடுமையாகப் பெய்தால் தண்ணீரைப் பிடிக்க முடிவதில்லை. மேலே பெய்தது கீழே குளிப்பவருக்குத் தெரியாது. திடீரென்று தண்ணீர் கலங்கும், சத்தம் மாறும், சிறிது நேரத்தில் காட்டாறு வந்துவிடும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் சிக்கிக்கொள்வதும், தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி அவர்களை இக்கரை சேர்ப்பதும் இங்கே பலமுறை நடந்திருக்கின்றன. தண்ணீரின் அளவைவிட அதன் வேகம் ஆபத்தானது என்பது இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்குப் புதிய செய்தி கிடையாது.

இந்தக் காட்டுக்கு இன்று சட்டக் காவல் உண்டு. 1988-இல் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்க்கப்பட்டு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. அந்தச் சாம்பல் நிற அணில் தரையில் இறங்க விரும்பாத பிராணி. மரத்துக்கு மரம் கிளை கோத்திருந்தால்தான் அது பயணம் போகும். அணிலைக் காக்க வேண்டுமானால் கிளைகள் கோத்த காட்டைக் காக்க வேண்டும். அந்தக் காட்டைக் காத்தால் மழை மெல்ல இறங்கும். புலிக்கும் அணிலுக்கும் போட்ட வேலி, ராஜபாளையத்துக் குடத்துக்கும் போட்ட வேலிதான்.

சட்டத்துக்கு வெகு காலம் முன்பே ஊர் தனக்குத் தெரிந்த முறையில் காவல் போட்டிருந்தது. தென் மாவட்டங்களில் கண்மாய்க் கரையில் அய்யனார் இல்லாத ஊர் குறைவு. வேட்டைக்குப் புறப்பட்டவர்போல மண்புரவி, கையில் ஆயுதம், கூடக் கருப்பசாமி. அவருடைய வேலை கரையைக் காப்பது. கண்மாயின் வேலை ஓடும் தண்ணீரை உட்கார வைப்பது. வரத்துக்காலில் வந்த நீர் கரைக்குள் நிற்கும். தேவைக்கு மடை திறந்து வயலுக்குப் போகும். மிஞ்சியது கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயில் போய் மறுபடி நிற்கும். ஒரே தண்ணீர் நாலு ஊரில் நின்று நின்று போகும். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முடிவு செய்து பாய்ச்ச ஓர் ஆள் உண்டு. நீர்ப்பாய்ச்சி என்று அவருக்குப் பெயர். அறுவடையில் அவருக்கு ஊர் பங்கு கொடுத்தது. மெதுவாக்குவது ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு என்று அந்த ஊர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நேரத்துக்கு வருகிறேன். ராஜபாளையத்தின் நவீன வரலாறு நூலோடு பின்னியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவியது 1936-இல். அதன்பின் நூற்பாலைகள் பெருகின. மலையடிவாரத்து வேளாண் ஊர் ஷிப்ட் கணக்கில் வாழும் ஊராயிற்று. கோழி கூவும் நேரம், வெயில் தாழும் நேரம், விளக்கு வைக்கும் நேரம் என்று இருந்த நாள் மில் சங்கு ஊதும் நேரத்தில் வந்து நின்றது.

இந்த மாற்றம் உலகம் முழுவதும் நடந்தது. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் இதைக் காட்டினார். தொழிற்சாலைக்கு முன்பு மக்கள் வேலையைக் கொண்டு நேரத்தை அளந்தார்கள். ஒரு வயல் உழுகிற நேரம், ஒரு பானை சோறு வேகிற நேரம் என்பதுபோல. தொழிற்சாலை வந்தபின் நேரத்தைக் கொண்டு வேலையை அளந்தார்கள். நேரம் கழிகிற பொருளாக இருந்தது, பிறகு விலை போகிற பொருளாயிற்று. முதல் கட்டத்தில் தொழிலாளர் கடிகாரத்தை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். அடுத்த கட்டத்தில் கடிகாரத்தை ஒப்புக்கொண்டு, அதற்குள் நேரத்துக்காகச் சண்டை போட்டார்கள்.

நூற்பாலைக்குள் ஒருமுறை போனவருக்கு ரிங் ஃபிரேம் என்ற நூற்பு எந்திரத்தின் சத்தம் மறக்காது. ஒரு கதிர் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான கதிர்கள் வரிசையாக நிற்க, இடையில் நடந்துகொண்டே அறுந்த இழையை விரல் நுனியால் பிடித்து ஒட்டுவது சைடர் எனப்படும் தொழிலாளியின் வேலை. கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று அங்கே இருக்கிறது. கதிரில் நூல் சுற்றத் தொடங்கும்போதும் முடியப் போகும்போதும் இழை அதிகம் அறும். அதனால் நவீன எந்திரங்களில் தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைக் குறைத்து, நடுவில் மட்டும் கூட்டி ஓட்டுகிறார்கள். நூற்று முடித்த நூலையும் உடனே கட்டி அனுப்புவதில்லை. ஈரப்பதமான அறையில் வைத்து முறுக்கு அடங்க விடுகிறார்கள். இழைக்கு எந்த இடத்தில் மெல்லப் போக வேண்டும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுவிட்டார். இழையை ஒட்டுகிறவருக்கு அந்தக் கணக்கைப் போட எத்தனை காலம் ஆயிற்று என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வானத்திலிருந்து விழவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோக்கண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பல ஆண்டுகள் கேட்ட பிறகு, 1890 ஜூன் 10-இல்தான் அந்நகர ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். 1891-இன் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏட்டில் ஏற்றியது. ஏட்டில் ஏறியது எல்லா ஊரிலும் இறங்கவில்லை. பதினேழு ஆண்டு கழித்து, இங்கிருந்து அதிக தூரமில்லாத தூத்துக்குடியில், ஹார்வி குடும்பத்தின் கோரல் மில் தொழிலாளர் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கேட்டது கூலி உயர்வும் வார விடுமுறையும். ஒன்பது நாள் ஊரே அவர்களுக்குத் துணை நின்றது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். கப்பல் ஓட்டியவர் என்று அவரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். நம் பக்கத்துத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்தவர் என்ற வரியும் அதே அளவு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு சட்டத்தில் வேலை நேர வரம்பு மெல்ல மெல்லக் குறைந்து வந்தது. 1922-இல் வாரத்துக்கு 60 மணி நேரம். 1934-இல் 54. 1946-இன் திருத்தத்தில் 48. விடுதலைக்குப் பின் வந்த 1948-இன் தொழிற்சாலைச் சட்டமும் அதையே வைத்தது. அதே சட்டம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் எழுதி வைத்தது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வர இருபத்துநாலு ஆண்டு ஆயிற்று. சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு மணி நேரம். அத்தனை பைய.

ஏறும்போது இத்தனை மெதுவாக ஏறிய படியில் இறங்குவது ஒரே நாளில் நடக்கப் பார்த்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழி செய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளுமே எதிர்த்தன. சில நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். வாரத்தின் மொத்த மணி நேரம் மாறாது, நாலு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு எடுக்கலாம் என்பது மசோதாவுக்குச் சொல்லப்பட்ட நியாயம். ரிங் ஃபிரேமுக்கு நடுவில் பன்னிரண்டு மணி நேரம் நடந்த கால் அடுத்த மூன்று நாளில் என்ன செய்யும் என்று யோசித்தால் அந்தக் கணக்கின் பிழை தெரிந்துவிடும். உடம்பு சேமிப்புக் கணக்கு மாதிரி இயங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட 35 சதவீதம் கூடுதல் என்றது. இதயநோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் கூடுதல்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். மெதுவாக இருப்பதெல்லாம் நிதானம் ஆகாது. அரசு மருத்துவமனை வரிசையில் காலை முதல் மதியம் வரை நிற்பவர் மெதுவாகத்தான் இருக்கிறார். பென்ஷன் தாளுக்காக நாலாவது முறை வந்து திரும்புகிற முதியவரும் அப்படித்தான். மில் மூடியதால் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது. இவை காத்திருப்புகள். பிறர் எடுத்துக்கொண்ட நேரம். ஏழைக்கு நாம் கொடுத்திருப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான். அவர்களிடம் போய் வேகம் கெட்டது என்று பேசக்கூடாது. வேகம் தேவைப்படும் இடங்கள் நிறைய இருக்கின்றன, ஆம்புலன்ஸ் முதல் கூலிப் பட்டுவாடா வரை.

ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் 31 நாடுகளின் வாழ்க்கை வேகத்தை அளந்தார். மக்கள் நடக்கும் வேகம், தபால் நிலையத்தில் ஒரு தபால்தலை வாங்க ஆகும் நேரம், பொதுக் கடிகாரங்கள் எவ்வளவு சரியாக ஓடுகின்றன என்ற மூன்றும் அவருடைய அளவுகோல்கள். 1999-இல் வெளிவந்த முடிவு வாசிப்பவரைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். வேகமான இடங்களில் இதயநோய்ச் சாவு அதிகம், ஆனால் மக்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தியாக இருப்பதாகச் சொன்னதும் அங்கேதான் அதிகம். வேகத்தோடு வருமானமும் வசதியும் வருகின்றன. அவற்றை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ராஜபாளையத்தில் மில் வந்ததால் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எத்தனையோ.

இன்னொரு வேறுபாடு வீட்டுக்குள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஞாயிற்றுக்கிழமை? 2019-இல் இந்தியா முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024-இன் ஆய்வில் பெண்கள் 289, ஆண்கள் 88. விடுமுறை என்று வீட்டில் மற்றவர்கள் ஆற அமர உட்காரும் நாளில்தான் அடுப்படியில் வேலை கூடும். அய்யனார் கோவிலுக்கு எனக்குத் தனியாக ஒரு மரியாதை இருப்பதற்கு இதுவும் காரணம். ஆற்றங்கரையில் நான் பார்த்த பல அடுப்புகளில் ஆண்கள் கிளறிக்கொண்டிருந்தார்கள். கிடாக்கறி என்றால் வெட்டுவது முதல் இறக்குவது வரை ஆண்கள் கைதான். வாரம் ஆறு நாள் மில்லில் நின்று, வந்து வீட்டிலும் நின்ற ஒரு பெண் பாறையில் சாய்ந்து, ஈரத்தலையை வெயிலில் விரித்துப் போட்டு, அவர்கள் உப்புப் பார்க்கக் கூப்பிடும்போது மட்டும் எழுந்து போவதைப் பார்த்தேன்.

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே மெதுவாகச் செய்தால் மட்டுமே வரும் பொருள்கள் இரண்டு இருக்கின்றன. பால்கோவா எல்லோருக்கும் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பத்து லிட்டர் பால் அகன்ற கடாயில் கொதித்து, சர்க்கரையோடு சேர்ந்து நாலு கிலோவுக்கும் குறைவாகச் சுருங்கும்வரை துடுப்பு நிற்கக்கூடாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும், தீய்ந்த வாடை முழுக் கடாய்க்கும் ஏறிவிடும். பாலுக்கு அதன் கணக்கு இருக்கிறது, கிண்டுகிறவர் அதற்குத்தான் கட்டுப்படுகிறார்.

மற்றது ஆண்டாளின் கிளி. நாள்தோறும் ஆண்டாளின் இடக்கையில் ஒரு பச்சைக்கிளி இருக்கும், நாள்தோறும் புதிதாகக் கட்டிய கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளை மொட்டில் மூக்கு, மூங்கில் குச்சி, வாழைநார், கண்ணுக்குக் காக்காப்பொன். ஒன்று கட்டி முடிக்க நாலரை மணி நேரம் ஆகிறது. மறுநாள் அதை ஒரு பக்தர் வாங்கிப் போய்விடுவார், கட்டுகிறவர் மறுபடி முதல் இலையிலிருந்து தொடங்குவார். மரத்தில் ஒரு கிளி செதுக்கி நிரந்தரமாக வைத்திருக்கலாம், வேலை மிச்சம். தலைமுறை தலைமுறையாக யாரும் அப்படிச் செய்யவில்லை. தினமும் நாலரை மணி நேரம் ஒருவர் ஓர் இலையை மடிப்பதில் இருக்க வேண்டும் என்று கோவில் வைத்த ஏற்பாட்டால்தான் அந்தக் கைவேலை இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆடிப்பூரத் தேரை இதோடு சேர்த்து நினைக்கிறேன். மரச்சக்கரங்களோடு ஓடிய காலத்தில் அந்தப் பெருந்தேர் புறப்பட்ட அன்றே நிலைக்குத் திரும்பியதில்லை. நாள்கணக்கில் வீதியில் நிற்கும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வந்து வடம் பிடித்து இழுக்க இழுக்க நகரும். பிறகு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன, இப்போது அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. ஆபத்துக் குறைந்தது நல்லதே, அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் கண் போவது வேறொரு பொருளின்மேல். தேர்ச்சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டை. செய்தித்தாள் தமிழில் முட்டுக்கட்டை என்றால் தடங்கல், வளர்ச்சிக்கு எதிரி. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரே தேரைத் திருப்புகிறார். ஆயிரம் பேர் இழுக்கும் விசையை ஒரு மரக்கட்டையால் தணித்து, மூலையில் சக்கரத்தைத் திசை மாற்றி, வீட்டுத் திண்ணையில் மோதாமல் கொண்டுபோகிறார். வடம் பிடிப்பவர் முன்னே பார்த்து நடக்கலாம், கட்டை போடுகிறவர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. 1908-இல் தூத்துக்குடியிலும் 2023-இல் சென்னையிலும் நடந்ததைச் சிலர் முட்டுக்கட்டை என்றார்கள். சரியான சொல்லைத்தான் சொன்னார்கள்.

அவசரம் மனிதரை என்ன செய்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர் 40 பேரை வைத்துச் செய்தது, 1973-இல் வெளிவந்தது. மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகுகிறார், அது ஆய்வாளர்களின் ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். கருணையைப் பற்றிப் பேசப் போனவர்களில் சிலர் கிடந்தவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களுடைய ஐந்து நிமிடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அய்யனார் கோவிலுக்குப் போன அன்று சாயங்காலம், வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் வனத்துறை ஊழியர் ஒருவர் கரையோரமாக வந்து, “கிளம்புங்க அண்ணாச்சி, இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க” என்று ஒவ்வொரு கூட்டமாகச் சொல்லிக்கொண்டு போனார். யாரும் பதறவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. ஒருவர் செம்பில் ஆற்று நீரை மொண்டு வந்து அடுப்பில் ஊற்றினார். புகை எழுந்தது. குச்சியால் கிளறிப் பார்த்து, உள்ளே கங்கு தெரிந்ததும் இன்னொரு செம்பு ஊற்றினார். பாட்டி மிச்சச் சோற்றைப் பேத்தியிடம் கொடுத்துக் கரையிலிருந்த நாய்க்கு வைக்கச் சொன்னார். பிறகு கழுவிய தூக்குவாளியில் தண்ணீர் பிடித்து மூடினார், வீட்டுக்கு.

திரும்பும் வழியில் ஆறாவது மைலில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். தேக்கத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மலையின் நிழல் பாதி தூரம் வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் முகம் கழுவ வேண்டிய தண்ணீர் அது.